குற்றவகைநீக்கம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மெக்சிகோ நகரின் கருக்கலைப்புச் சட்டம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘டிகிரிமினலைசேஷன்’ (ஒரு செயலைக் குற்றமாகக் கருதுவதைச் சட்டம் கைவிடுதல்) என்பதைச் ‘சட்டபூர்வமாக்கல்’ என்று எழுதலாம் எனப் பினாங்கு நண்பர் கருதுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செயலைச் சட்டபூர்வமாக்குவது அதற்கு அனுமதியும் நெறிமுறையும் வகுப்பதாகும். இங்கே பேசப்படுவதோ தண்டனையை விலக்கிக்கொள்வது. இரண்டும் சேர்ந்து நிகழலாம், ஆனால் ஒன்றல்ல.

மற்றோர் அன்பர் தந்த ‘குற்றநீக்கம்’ நெருங்கி வருகிறது. ஆயினும் அது குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிப்பதையோ பொதுமன்னிப்பையோதான் முதலில் நினைவூட்டும். நீங்குவது ஒருவர்மீதுள்ள பழியன்று. ஒரு செயல் குற்றங்களின் வகையிலிருந்தே வெளியேறுகிறது. ஆகவே ‘குற்றவகைநீக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். நீளமான சொல்தான், மலாய் மொழியில் வழங்கும் ‘பெஞாஹ்ஜெனாயாஹான்’ அதைவிடக் குறுகியதன்று.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சான்று. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 312ஆவது பிரிவின்படி கருச்சிதைவு செய்விப்பது இன்றும் குற்றமே. கருவைத் தொடர்ந்து சுமப்பது, அதைக் கலைப்பதைவிடப் பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்தை விளைவிக்கும் எனப் பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் அது குற்றமாகாது என்பது 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்திய நிலை. இது விதிவிலக்கு, குற்றவகை அப்படியே நிற்கிறது. மெக்சிகோ நகரச் சட்டமன்றம் 2007 ஏப்ரலில் செய்தது வேறு: பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் கருவைக் கலைப்பதே ‘கருக்கலைப்பு’ என்று அது வரையறையையே மாற்றியது. அதற்கு முந்திய வாரங்களில் பெண்ணின் ஒப்புதலுடன் நடப்பது குற்றம் என்னும் சொல்லுக்குள் வரவே இல்லை. இவ்விரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் குறித்தால் வாசகர் நம் நாட்டு நிலையையே தவறாகப் புரிந்துகொள்வார்.

அடுத்தது, ஒரு சட்டம் அரசியலமைப்பின்படி செல்லத்தக்கதா என்பதைக் குறிக்க வழங்கும் ‘அரசியலமைப்பு ஏற்புடைமை’. இதற்கு மாறாக ‘அரசியலமைப்புச் செல்லுபடி’ என்பதே பொருந்தும். நீதிமன்றம் ஒரு சட்டத்தை ஏற்கவில்லை என்று சொல்வதில்லை, செல்லாது என்று அறிவிக்கிறது; ‘செல்லாக்காசு’ என்று வழங்கும் மொழிக்கு இந்த வினை புதிதன்று. ஆனால் செல்லுபடிக்குள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. கட்டுரை அவற்றைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். அந்த மன்றத்துக்கு அப்பொருளில் சட்டமியற்றும் அதிகாரம் உண்டா என்பது ஒன்று. அச்சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணானதா என்பது மற்றொன்று. முன்னதைச் ‘சட்டமியற்று வரம்பு’ என்று சொல்லலாம்.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் கிளந்தான் மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் பதினாறு விதிகளைச் செல்லாதவையாக்கியது முழுக்க வரம்பு பற்றிய தீர்ப்பு. குற்றவியல் சட்டம் நம் நாட்டில் கூட்டரசுப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றம் சட்டமியற்றும் பொருள்களின் பட்டியலில், இருப்பதால், பினாங்குச் சட்டமன்றம் விரும்பினாலும் 312ஆவது பிரிவைத் தொட முடியாது. கோலாலம்பூருக்கோ சட்டமன்றமே கிடையாது. மெக்சிகோவில் மாநிலங்கள் தத்தம் குற்றவியல் சட்டங்களை இயற்றிக்கொள்ளும். கூட்டரசு மாவட்டமாக இருந்த தலைநகரும் அவ்வாறே செய்தது.

அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் 8-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அச்சட்டம் செல்லும் என்றது. கருக்கலைப்பைத் தண்டிக்கும்படி அரசியலமைப்பு சட்டமன்றத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதே அதன் சாரம். தண்டிக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அதனால் பிற மாநிலங்களில் குற்றம் குற்றமாகவே நீடித்தது. கோவாஹுயிலா மாநிலச் சட்டத்தை ஆராய்ந்த 2021 செப்டம்பர் தீர்ப்பில்தான், முழுமையாகக் குற்றமாக்குவதே செல்லாது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். எனவே முதல் தீர்ப்பைக் குறிக்க ‘குற்றவகைநீக்க அனுமதி’ என்றும், இரண்டாவதைக் குறிக்கக் ‘குற்றமாக்கத் தடை’ என்றும் எழுதலாம் என நினைக்கிறேன்.

‘குற்றமாக்கம்’ என்ற எதிர்ச்சொல்லில் ‘வகை’ வேண்டாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். அங்கே வேறு பொருள்மயக்கத்துக்கு இடமில்லை என்பதால் நான் விட்டுவிட்டேன். மாற்றுக் கருத்து இருப்பின் அறியத் தரவும்.