அலாய் வீலின் உள்பக்கம் பழைய வெயிட் பசை: எப்படி எடுப்பது? டயர் மாற்றவும் யோசனை வேண்டும்

நான்குவழிச்சாலை:
வணக்கம். ஸ்விஃப்ட், 15 இஞ்ச் அலாய், 185/65 ஆர்15 டயர். பேலன்சிங் செய்யும் ஒவ்வொரு முறையும் பழைய வெயிட்டை (வீல் உதறாமல் சுற்ற ரிம்மில் ஒட்டும் சிறு உலோகக் கட்டை) பிடுங்கிவிட்டுப் பசையை அப்படியே விட்டிருக்கிறார்கள். நாலு வீலிலும் உள்பக்கம் மூன்று நான்கு இடத்தில் கறுத்துப்போன நுரைப் பட்டை. போன மாதம் ஒட்டிய வெயிட் ஒன்று விழுந்துவிட்டது. 85-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. ஷாம்பு, சுடுதண்ணீர் எதற்கும் பசை அசையவில்லை. தின்னர் போடலாமா? டயரில் 4119 என்று இருக்கிறது, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு. கடையில் 205/65 போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ரிம்காவலர்:
தின்னரைத் தொடாதீர்கள். அலாயின் மேல் பெயின்ட், அதற்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. என்சி தின்னரும் அசிட்டோனும் பசையோடு சேர்த்து அந்தப் பூச்சையும் இளக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் பெயின்ட் கொப்புளிக்க ஆரம்பிக்கும்.

அந்த நுரை அக்ரிலிக் பசைப் பட்டை. சோப்புக்கு மசியாது. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் மசியும்.

முதலில் வீலைக் கழற்றுங்கள். வண்டியில் இருக்கும்போதே எண்ணெய் அடித்தால் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படும். எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். கழற்றிய வீலின் உள்பக்கத்தை ஷாம்பு போட்டுக் கழுவி, பிரேக் தூசு போனபிறகு உலர விடுங்கள். தூசோடு சுரண்டினால் அதுவே உப்புத்தாள் மாதிரி கீறும்.

பிறகு ஹேர் ட்ரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். விரல் வைத்தால் ஒரு விநாடிக்கு மேல் தாங்காத சூடு போதும். ஹீட் கன் வேண்டாம், பெயின்ட் சுருங்கிவிடும். சூடு ஆறுவதற்குள் பழைய ஏடிஎம் கார்டைச் சாய்வாக வெட்டி நுரையின் அடியில் தள்ளுங்கள். இன்னும் ஒட்டியிருக்கும் வெயிட் கட்டைக்கு அடியில் கார்டு நுழையாது. தூண்டில் நரம்பைக் கொடுத்து ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் நுரை நடுவில் அறுந்து வெயிட் கையோடு வரும். ஸ்குரூ டிரைவரும் இரும்பு பிளேடும் வேண்டவே வேண்டாம்.

மிச்சமிருக்கும் பிசுக்குக்கு மண்ணெண்ணெய், பெயின்ட் கடை டர்பன்டைன், டபிள்யூடி-40 எதுவும் ஆகும். நீலகிரித் தைலமும் நன்றாக வேலை செய்யும். கண்ணில் படாத ஓர் இடத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துணியை நனைத்துப் பசைமேல் போட்டு, காய்ந்துவிடாமல் பாலித்தீன் தாளால் மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நுரை ஊறி, ஊறவைத்த பிஸ்கட் மாதிரி பொதபொதவென்று ஆகிவிடும். கட்டை விரலால் உருட்டினாலே சுருண்டு வரும். பழைய பசை என்றால் இரண்டு மூன்று சுற்று தேவைப்படும். பலர் இங்கே பொறுமை இழந்துதான் கீறிவிடுகிறார்கள். டயர் ரப்பரில் எண்ணெய் வழிந்தால் உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது, துணி உரசும்போது தோன்றும் ஒரு பொறி போதும்.

பேலன்ஸ்மேடை:
மேலே சொன்னது அத்தனையும் சரி. புது வெயிட் ஒட்டுவதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வெயிட் விழுந்ததே அடியில் பழைய நுரையோ தூசோ ஈரமோ இருந்ததால்தான்.

எண்ணெய் போட்டு எடுத்த இடத்தை டிஷ்வாஷ் சோப்பால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை துணியை மாற்றித் துடையுங்கள். கையில் தேய்க்கும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், அது படலமாகத் தங்கிப் புதுப் பசையைப் பிடிக்கவிடாது. காகிதத்தை உரித்தபின் பசையில் விரல் படக்கூடாது. ஒட்டியதும் முழு நீளத்துக்கும் பத்து விநாடி அழுத்துங்கள். இந்தப் பசை முழுப் பிடிமானம் பெற மூன்று நாள் ஆகும், அதுவரை பிரஷர் வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

பசையைத் தேய்த்து எடுக்க டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரத்தை யாராவது சொல்வார்கள். சாதாரண பெயின்ட் அடித்த உள்பக்கத்துக்குக் குறைந்த வேகத்தில் சரி. ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயின்ட் மங்கும். டைமண்ட் கட் (மெஷினில் சீவிப் பளபளப்பாக்கிய) முகப்புப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

85-ல் உதறல் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. விழுந்தது 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிட் இருக்கும் இடம் மையத்திலிருந்து சுமார் 18 செ.மீ. 100 கி.மீ. வேகத்தில் அந்தக் குறை ஏறத்தாழ நாலரைக் கிலோ விசையாக ஒவ்வொரு சுற்றிலும் வீலை இழுக்கும். 50 கி.மீ.-ல் அது கால் பங்குதான், அதனால் ஊருக்குள் தெரியாது. உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்வீல், சீட்டில் தெரிந்தால் பின்வீல் என்று தேட ஆரம்பிக்கலாம்.

தார்ச்சாலை:
டயருக்கு வருகிறேன். 4119 என்றால் 2019-ன் 41-வது வாரம். ஐந்து வருடம் தாண்டியது, பக்கவாட்டிலும் வெடிப்பு. பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை ஓட்டலாம். ஆனால் 3 மி.மீ.-க்குக் கீழே போனாலே மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

205/65 வேண்டாம். 185/65 ஆர்15-ன் விட்டம் 621.5 மி.மீ., 205/65-க்கு 647.5. நாலு சதவீதத்துக்கு மேல் பெரிது. மீட்டர் இப்போது காட்டுவதைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும், பிக்கப் மந்தமாகும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வீலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உள்லைனரில் உரசக்கூடும். கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 195/60 ஆர்15, விட்டம் 615, ஒரு சதவீத வித்தியாசம்தான். அதற்கும் ரிம்மில் பொறித்திருக்கும் ஜே அளவு (ரிம் அகலம்) பொருந்துகிறதா என்று பாருங்கள். என் கருத்தில் கம்பெனி அளவே போதும், அந்தக் காசை நல்ல டயருக்குக் கொடுங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்பதுபோல் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கி.மீ. வேகம். கதவுத் தூணில் அல்லது கையேட்டில் உள்ளதைவிட இந்த எண் குறையக்கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். தயாரிப்பு வாரம் ஆறு மாதத்துக்குள் இருக்கட்டும். நாலு டயரிலும் படித்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். அதிகக் கிலோமீட்டர் உழைக்கும் என்று விற்கும் டயர்களில் ஈரத்தில் பிடிப்பு பொதுவாகச் சற்றுக் குறைவு. மழை ரோட்டில் அதிகம் ஓடுபவர் ஈரப் பிரேக்கிங்கை முன்வைக்கும் மாடலைக் கேளுங்கள்.

டயர் கழற்றிய அந்தப் பத்து நிமிடம் முக்கியம். டயரின் விளிம்பு உட்காரும் பீட் இடத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரையும் கறுப்பு சீலரையும் நைலான் ஸ்கிரப்பரால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் புது டயரிலும் வாரம் இரண்டு பாயின்ட் காற்று இறங்கும். ரப்பர் வால்வு நாலையும் புதிதாகப் போடுங்கள்.

நான்குவழிச்சாலை:
மிக்க நன்றி. இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடலாமா? ஸ்டெப்னி ஓடாமலே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

தார்ச்சாலை:
புதியது இரண்டும் பின்னால். முன்வீல் இழுக்கும் வண்டி என்றாலும் அப்படித்தான். தேங்கிய தண்ணீரில் முன்டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பிடிப்பு திரும்பும். பின்டயர் மிதந்தால் வால் சுற்றிவிடும், அதைத் திருத்த நேரமே கிடைக்காது. பழையதில் வெடிப்பு குறைவான இரண்டு முன்னால் போகட்டும், சீக்கிரம் அவற்றையும் மாற்றுங்கள். ஸ்டெப்னி வண்டியோடு வந்தது என்றால் அதற்கும் அதே வயதுதான், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேலன்ஸ்மேடை:
பசையை நீங்களே முந்தின நாள் எடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அங்கே வரிசை இருந்தால் யாரும் பதினைந்து நிமிடம் ஊறவிட மாட்டார்கள். வெயிட் ஒட்டியபின் இன்னொரு முறை சுற்றவிட்டு இருபுறமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.