கோத்தகிரிக்கு டீசல் பென்ஸ் ஜி.எல்.ஏ. வாங்கலாமா? அப்பாவை உட்கார வைத்து ஓட்ட வேண்டும்

வர்க்கிக்கடை (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. கோத்தகிரியில் வர்க்கி போடும் பேக்கரி நடத்துகிறோம், விறகு அடுப்புதான். வண்டி நானேதான் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது 2012 ஸ்விஃப்ட் டீசல், 1,46,000 கி.மீ. ஓடிவிட்டது.

அப்பாவுக்கு 78. முப்பது வருஷம் கேரட், உருளைக்கிழங்கு லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஓட்டியவர். போன வருஷம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. மாதம் இரண்டு முறை கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., அங்கிருந்து இன்னொரு 35 சொச்சம். குஞ்சப்பனை செக்போஸ்ட் வருவதற்குள் அவர் இடது கையால் மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை சீட்டில் ஊன்றி, ஒவ்வொரு குழிக்கும் உடம்பைத் தூக்கித் தூக்கி உட்காருவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது பார்த்தால், உள்ளங்கையில் சீட் துணியின் தையல் வரிவரியாகப் பதிந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வேறு வண்டி பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு சின்ன இடம் விற்ற பணம் இருக்கிறது. 36 லட்சத்தைத் தாண்ட மனசில்லை. கோவையில் ஒருவரிடம் 2021 மாடல் பென்ஸ் ஜி.எல்.ஏ. 220டி 4மேட்டிக் (நாலு சக்கரமும் இழுக்கும் வகை) இருக்கிறது. ஒரே ஓனர், 41,000 கி.மீ., 34 லட்சம் சொல்கிறார். புது பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 டீசலையும் போய்ப் பார்த்தேன். 2023 ஜனவரியில் வந்தபோதே அதன் ஷோரூம் விலை 47.90 லட்சம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறி விலை கொஞ்சம் இறங்கியது சரிதான், ஆனால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரி 20 சதவீதம். நமக்கு எட்டாது.

டீசல்தான் வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். எனக்கும் பெட்ரோல் ஓட்டிப் பழக்கமில்லை. என் சந்தேகம் வேறு. மாதத்தில் அந்த இரண்டு நாள் தவிர, வீட்டிலிருந்து கடைக்கு 2.5 கி.மீ., ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, முதல் நடை விடிகாலை நாலு மணிக்கு. இப்படி ஓட்டினால் புது டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். (புகைக் கரி வடிகட்டி) அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? சீசன் நேரத்து நெரிசலில் அந்த டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் தாங்குமா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்67 (மேட்டுப்பாளையம்)

அக்கா, நான் மெக்கானிக். மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் ஸ்விஃப்ட் பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி வந்த வண்டி. அதில் டி.பி.எஃப். கிடையாது, அதனால்தான் இத்தனை வருஷம் இரண்டரை கிலோமீட்டர் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் காரில் சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கும். கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துத் தள்ள வேண்டும், அதற்குப் புகைபோக்கி சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். விடிகாலை நாலு மணிக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறும் முன் கடை வாசலில் அணைத்தால் எங்கிருந்து எரியும்? பாதியில் அணைக்க அணைக்க, கரியை எரிக்க அடித்த டீசல் இஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு கூடும், நீர்த்துப்போகும். அது டர்போவுக்கும் பேரிங்குக்கும் கேடு.

கோவை போய் வருவதில் டி.பி.எஃப்.க்குப் பயமே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் இஞ்சின் நன்றாகப் பாடுபடும், புகையும் சூடாக இருக்கும், கரி தானாகவே எரியும். இறக்கத்தில்தான் ஒன்றும் நடக்காது. ஆக மாதம் இரண்டு நல்ல ஏற்றம், நூற்றைம்பதுக்கு மேல் அரைகுறை நடை. இந்தக் கணக்கில் நீங்கள் தோற்பீர்கள். கடை நடையை வேறு வண்டியில் வைத்துக்கொண்டால் ஜெயிப்பீர்கள்.

அந்த ஜி.எல்.ஏ.வை வாங்கும் முன் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். கரி எத்தனை சதவீதம், சாம்பல் எவ்வளவு, கடைசியாக எரித்து எத்தனை கி.மீ. ஆகிறது, இதெல்லாம் வரும். நல்ல வண்டியில் சில நூறு கி.மீ.க்கு ஒரு தடவை எரியும். நூறு கி.மீ.க்குள்ளேயே திரும்பத் திரும்ப எரிந்தால் தொடாதீர்கள். இன்னொன்று, வண்டியை நிறுத்தின பிறகும் முன்னால் ஃபேன் இரைந்து ஓடி, சூட்டு வாடை வந்தால் எரிகிற வேலை நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அப்போது அணைக்காமல் பத்து நிமிஷம் ஓட்டி முடித்துவிடுவது நல்லது.

கியர்பாக்ஸ் பற்றி: அது எண்ணெயில் ஊறிய கிளட்ச், உலர் கிளட்ச் போலச் சீக்கிரம் கொதிக்காது. ஆனாலும் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிற்க வைக்காதீர்கள். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்து இடைவெளி விட்டதும் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

தைலமரம் (குன்னூர்)

நான் நாலு வருஷமாக ஒரு ஐரோப்பிய டீசல் கிராஸ்ஓவர் வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

முதலில் நல்லது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி அந்த அளவுக்குத் திணறும். டர்போ டீசலுக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் பார்க்கும் 220டி-யில் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்விஃப்ட்டில் 2,000 சுற்று வரும்வரை கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் இழுத்துக்கொண்டு நிற்போமே, அந்தத் தவிப்பு இருக்காது. வளைவிலிருந்து நிதானமாக எழும். பக்கத்தில் இருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடாது. உங்கள் அப்பாவுக்கு அதுதான் முக்கியம்.

4மேட்டிக்கை விடாதீர்கள். அதே 220டி முன்சக்கர இழுவையிலும் வந்தது, ஆர்.சி.யையும் வண்டியின் பின்புறத்தையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். மண் சரிந்து ரோட்டில் சேறு வழியும்போது நாலு சக்கரமும் இழுப்பது உதவும். பிரேக் பிடிப்பதற்கு அது உதவாது, டயர்தான் உதவும்.

இனி கஷ்டம். இரண்டாவது வருஷம் டிசம்பரில் ஒரு காலை, காட்டபெட்டு தாண்டியதும் ஸ்கிரீனில் மஞ்சள் எச்சரிக்கை. வண்டி வேகமெடுக்கவில்லை. எலி ஒரு ஒயரைக் கடித்திருந்தது. ஒயர் சின்னதுதான், ஆனால் இங்கே கை வைக்க ஆள் இல்லை, கோவைக்கு இழுத்துப்போக வேண்டியிருந்தது. ஒன்பது நாள் வண்டி இல்லை. இழுவைச் செலவு என் கைக்காசில் போனது, இன்ஷூரன்சில் ரோடு சைடு உதவி இருக்கிறதா என்று அப்போது நான் பார்த்து வைக்கவில்லை. நீங்கள் பார்த்து வையுங்கள். விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம், எலிக்கு அது சொந்த வீடு.

ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) பற்றிப் பயப்படாதீர்கள். அது மைனஸ் 11 டிகிரியில்தான் உறையும், தலைகுந்தாவில் உறைபனி விழும் நாளில்கூட நமக்கு அவ்வளவு போகாது. ஊற்றும்போது வெளியே சிந்தினால் துடைத்துவிடுங்கள், வெள்ளையாகப் படிந்துவிடும்.

பெங்களூரில் விலை குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேறு மாநில வண்டியை இங்கே மாற்றும்போது நம் ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். கோவை வண்டியே மேல். ஆர்.சி.யில் முகவரியை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிவிடுங்கள்.

பெருமாள்மலை (கொடைக்கானல்)

அக்கா, வண்டியைப் பற்றி அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். நான் உட்காருகிறவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அம்மாவை வத்தலக்குண்டு ரோட்டில் இறக்கி ஏற்றி எனக்கு ஐந்து வருஷப் பழக்கம்.

விலை உயர்ந்த வண்டி என்றால் முதுகுக்கு இதம் என்று நினைத்து விடாதீர்கள். பெரிய சக்கரமும் ஒல்லியான டயரும் போட்டிருந்தால், சின்னக் குழியும் நேராக இடுப்பில் இடிக்கும். அந்த வண்டியில் என்ன அளவு டயர் என்று பக்கவாட்டில் படித்துப் பாருங்கள். அப்புறம் சீட் உயரம். முதுகு ஆபரேஷன் ஆனவர் குனிந்து இறங்கவும் கூடாது, காலைத் தூக்கி ஏறவும் கூடாது. சீட் அவர் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப இடம் இருக்கிறதா என்று அவரையே வைத்துப் பாருங்கள். ஷோரூம் தரையில் இல்லை, உங்கள் வீட்டு வாசல் சரிவில். சரிவில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கேட்டையும் அளந்துவிடுங்கள். ஜி.எல்.ஏ. கண்ணாடியோடு சேர்த்து சுமார் 2,020 மி.மீ. அகலம்.

கடைக்கு இரண்டரை கிலோமீட்டர்தானே? பழைய ஸ்விஃப்ட்டை விற்காதீர்கள். அது முடிகிற நாளில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த தூரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

வர்க்கிக்கடை (கோத்தகிரி)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். திருவிழா ஆர்டர் நெருக்கிவிட்டது.

கேட்டை நானும் அப்பாவும் டேப் பிடித்து அளந்தோம். 7 அடி 2 அங்குலம். கண்ணாடி விரித்தே நுழையும், இரண்டு பக்கமும் நாலு விரக்கடைதான் மிஞ்சும். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இதைவிடக் குறைச்சலான சந்துல பத்து சக்கர வண்டியைத் திருப்பியிருக்கேன்மா" என்றார்.

சக்கரம் தம்பி சொன்ன மாதிரி கோவையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். கரி 38 சதவீதம், கடைசியாக எரிந்து 410 கி.மீ. ஆகியிருந்தது, சாம்பல் குறைவு. ஓனர் வாராவாரம் சேலம் போய் வருகிறவராம். ஆர்.சி.யில் 4மேட்டிக் என்றே இருக்கிறது, பழுது பார்த்த பில் எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறார். டயர் மட்டும் நாலும் மாற்ற வேண்டும், அதைச் சொல்லி 32.75 லட்சத்துக்கு இறக்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன், அவரும் சம்மதித்தார். வாசல் சரிவில் கதவை நான் பிடித்துக்கொள்ள, அப்பா பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினார். முட்டி டேஷ்போர்டில் இடிக்கவில்லை. ஓனர் பின்னால் உட்கார, நான் அரவேணு தாண்டிக் கொஞ்ச தூரம் இறக்கினேன். ஏறுகிற கியரிலேயேதான் இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அதனால் ஸ்டீயரிங்கை ஒட்டிய இடது கியர் துடுப்பை இழுத்து இரண்டாவது கியரில் நிறுத்தினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது, பிரேக்கில் கால் வைக்க வேண்டியே வரவில்லை. அப்பா கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார். திரும்பி வந்து இறங்கும்போது உள்ளங்கையைப் பார்த்தேன், ஒரு வரியும் இல்லை.

50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஸ்விஃப்ட் கடைக்கு இருக்கும். வண்டியை விறகுக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்த இடம் ஒதுக்கியாயிற்று, ரோடு சைடு உதவியும் இன்ஷூரன்சில் சேர்த்தாயிற்று. தம்பி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டே ஓட்டலாம் என்று நினைக்கிறேன். வர்ற செவ்வாய் ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது உங்கள் ஒர்க்ஷாப்பில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் முடியுமா? அப்பாவை அதுவரை உட்கார வைக்க முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி இருக்குமா?

சக்கரம்67 (மேட்டுப்பாளையம்)

முடியும் அக்கா. ஏழரைக்குள் வந்துவிடுங்கள், அந்த இஞ்சினுக்கு உண்டான ஆயில் எடுத்து வைக்கிறேன், டி.பி.எஃப். வண்டிக்குச் சாதா ஆயில் ஊற்றக்கூடாது. நாற்காலி இருக்கிறது. அப்பா எந்த லாரி ஓட்டினார் என்று கேட்டு வையுங்கள், எங்கள் அப்பாவும் அதே மண்டியில்தான் லோடு இறக்கினார்.