ஒன்பதாம் லீஜியன் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நீல் மார்ஷல் இயக்கி 2010இல் வந்த ‘செஞ்சூரியன்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். கி.பி. 117, பிரிட்டனின் வடக்கு. அங்கே வாழ்ந்த பிக்ட் என்ற பழங்குடி மக்களை ஒடுக்கப் போகும் ரோமின் ஒன்பதாம் லீஜியன் (லீஜியன் என்றால் ரோமானியப் பெரும் படைப்பிரிவு) காட்டுக்குள் சிக்கிச் சின்னாபின்னமாகிறது. தப்பித்த சிலரை வாய் பேசாத ஒருத்தி மோப்பம் பிடித்தபடி துரத்துகிறாள். வெட்டுக்குத்துக்குக் குறைவே இல்லை, பிள்ளைகளோடு பார்த்துவிடாதீர்கள். கதை சுமார்தான், ஆனால் அந்தக் குளிரும் மலையும் அருமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படை நிஜமாகவே இருந்தது. பிரிட்டனில் அவர்களைப் பற்றித் தேதியோடு கிடைத்த கடைசிச் சான்று, யார்க் நகரில் கி.பி. 108ஐ ஒட்டி எழுதப்பட்ட கல்வெட்டு. ஆனால் நெதர்லாந்தின் நைமேகனிலும் அவர்கள் முத்திரை பதித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அதனால் அவர்கள் ஸ்காட்லாந்தில் அழியவில்லை, இடம் மாற்றப்பட்டார்கள், பிறகு கிழக்கே ஏதோ போரில் முடிந்திருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த ஓடுகள் முழுப் படையும் அங்கே போனதற்குச் சான்றா, இல்லை ஒரு பிரிவு மட்டும் போனதற்கா? இதை எளிமையாக விளக்கும் புத்தகமோ காணொளியோ இருந்தால் சொல்லுங்கள். தமிழில் என்றால் இன்னும் நல்லது.

அப்புறம், ரோமானியப் படை வரிசையாக நின்று கேடயம் சேர்த்துச் சண்டை போடுவதை ஒழுங்காகக் காட்டும் படம் எது? ‘கிளாடியேட்டர்’, ‘தி ஈகிள்’ இரண்டும் பார்த்தாயிற்று. அரங்கச் சண்டைப் படங்கள் வேண்டாம்.