நர்மதை அணைகளுக்கு வெளிநாட்டுக் கடன் தருவதை எதிர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்?

பரோடா பழையவன்:

1991, 92ல் பரோடாவில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தேன். லீவு நாட்களில் நர்மதா பச்சாவ் ஆந்தோலன் (நர்மதையைக் காப்போம் இயக்கம்) ஆட்களுக்கு ஆங்கிலக் கடிதம் டைப் அடித்துக் கொடுப்பேன். கோஷம் போட எனக்கு வராது, இந்தியும் அரைகுறை. அதனால் இந்த வேலை. பெரும்பாலும் வாஷிங்டனில் உள்ள உலக வங்கிக்குப் போகிற கடிதங்கள். குஜராத்தில் நர்மதை மேல் கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் போட்டது 1985ல். நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்ததே 1987ல்தான். பெண் பார்ப்பதற்கு முன்பே பந்தக்கால் நட்ட கதை.

ஆலையில் இதை வெளியே சொல்ல முடியாது. "கட்ச்சுக்குத் தண்ணீர் வேண்டாமா?" என்று சண்டைக்கு வருவார்கள். கட்ச் குஜராத்தின் வறண்ட பகுதி. கேள்வி நியாயமானதுதான். நான் பதில் சொல்லத் திணறியிருக்கிறேன்.

ஒருமுறை மணிபேலிக்குக் கூட்டிப்போனார்கள். மகாராஷ்டிரப் பக்கம் முதலில் மூழ்கப்போகிற ஊர். மூங்கில் தட்டிச் சுவர், தேக்குத் தூண், முற்றத்தில் இலுப்பைப் பூ காய்ந்துகொண்டிருந்தது. தூணில் பெயின்ட்டால் ஒரு எண் எழுதியிருந்தார்கள், நம் ஊரில் வெட்டப்போகிற மரத்துக்குப் போடுவது போல. அந்த வீட்டுப் பெரியவர் சோள ரொட்டி கொடுத்துவிட்டு, கூட வந்த பையனை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் ஒன்று கேட்டார். "சாவுகாரிடம் நான் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காவிட்டால் என் நிலத்தை எடுத்துக்கொள்வான், சரி. இங்கே கடன் வாங்கியது சர்க்கார். நிலம் மட்டும் ஏன் என்னுடையது?"

நான் டைப் அடித்த அத்தனை கடிதத்திலும் இதைவிடத் தெளிவாக எதுவும் இருந்ததில்லை.

இதில் இன்னொரு கொடுமை, தலைமுறை தலைமுறையாக உழுத காட்டு நிலத்துக்கு அங்கே பலரிடம் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவனுக்கு அரசு வைத்த பெயர் ஆக்கிரமிப்பாளன். கால்வாய்க்காக நிலம் இழந்தவர்களையோ அணையால் பாதிக்கப்பட்டவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எதிர்ப்பு பெருகியதும் வங்கியே பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக்குழு போட்டது. மழுப்பலாக எழுதிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தோம். 1992 ஜூனில் அறிக்கை வந்தது. இப்போதைய நிலையில் எல்லோருக்கும் மறுவாழ்வு தர முடியாது, வங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நேராகவே எழுதியிருந்தார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மெஷின் சூடேறி நின்றுபோனது. அப்படியும் அக்டோபரில் வங்கி இயக்குநர்கள் ஓட்டுப் போட்டுக் கடனைத் தொடர்ந்தார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மூன்றும் எதிர்த்து ஓட்டுப் போட்டும்! கடைசியில், நிபந்தனைகளை நிறைவேற்ற வங்கி வைத்த கெடு முடிகிற நேரத்தில், 1993 மார்ச்சில், மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது. அன்று ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம்.

அணை நிற்கவில்லை. சொந்தக் காசில் கட்டினார்கள். 2000ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, 2017ல் மதகுகள் மூடப்பட்டன, 2019ல் 138.68 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் நிறைந்தது. அப்படியென்றால் நாங்கள் டைப் அடித்ததெல்லாம் வீணா? பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடனால் பாதிக்கப்படுகிறவர்கள் நேரடியாக முறையிட உலக வங்கி ஒரு விசாரணைக் குழு அமைத்தது அதே 1993ல்தான். அதன் முதல் வழக்கு நேபாளத்தின் அருண் 3 அணை. 1995ல் வங்கி அதிலிருந்து விலகிக்கொண்டது. மணிபேலிக்குக் கிடைக்காதது அருண் பள்ளத்தாக்குக்காவது கிடைத்தது. உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

ரைன்கரை:

அண்ணே, நான் அதற்குச் சில வருஷம் கழித்து ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தேன். நர்மதையிலேயே இன்னொரு அணை, மகேஷ்வர். 400 மெகாவாட். உலக வங்கி இல்லை, தனியார் பணம். பாயர்ன்வெர்க், ஃபாவ்ஏவே என்ற இரண்டு ஜெர்மன் மின் நிறுவனங்கள் 1999ல் விலகின. சீமென்ஸ் ஜெர்மன் அரசிடம் ஏற்றுமதி உத்தரவாதம் (பணம் வராவிட்டால் அரசு ஈடுகட்டும் என்ற உறுதி) கேட்டிருந்தது. 2000ல் அதுவும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

ஒரு சர்ச் ஹாலில் கூட்டம் நடந்தது. மகேஷ்வர் இருக்கிற நிமாட் பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா பேசினார். பேசி முடித்ததும் முந்தானையை அவிழ்த்து, அதில் முடிந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடிக் கரிசல் மண்ணை மேசையில் வைத்தார். முன்வரிசையில் இருந்த ஒரு ஜெர்மன் பெரியவர் எழுந்து வந்து அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். விவசாயியாம். "இதையா மூழ்கடிக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்து வாங்க நாங்கள் தயாரித்து வைத்திருந்த இரண்டு பக்கத் துண்டறிக்கையை அன்று யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தலவாக்கலைப் பிள்ளை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம். ஜப்பான் கடன், 150 மெகாவாட், 2012ல் திறந்தார்கள். சென் கிளயர் நீர்வீழ்ச்சி செத்துவிடும் என்று சூழல் அமைப்புகள் எதிர்த்தன, தோட்டத் தொழிற்சங்கமும் எதிர்த்தது. நானும் ஊர்வலத்தில் போனேன். ஜப்பான் தூதரகத்துக்கு என்று ஒரு மனுவில் கையெழுத்து வைத்த ஞாபகமும் இருக்கிறது.

ஆனால் எங்கள் அத்தை குடும்பம் அங்கிருந்து எழும்பிப் போன குடும்பம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் நாலு தலைமுறை. ஒரே அறையில் அடுப்பு, கட்டில், கோழிக்கூடை எல்லாம். திட்டத்தில்தான் முதன்முதலாகத் தனி வீடு கிடைத்தது. "நீ ஏண்டா ஊர்வலம் போற?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. லயத்தில் இருந்து வெளியேற ஒரு அணை வந்தால்தான் முடியும் என்று வைத்திருந்தார்களே, என் கோபம் அதில்தான். பரோடா அண்ணன் சொன்ன பெரியவருக்கு நிலம் இருந்தது. எங்களுக்கு இழக்கவும் நிலம் இல்லை.

அருவியில் இப்போது பகலில் மட்டும், அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். போன வருஷம் அத்தையோடு ரோட்டில் நின்று பார்த்தேன். கொழுந்து பறித்துக் காய்ப்பிடித்த கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைக் கணக்கில் பதிவதைப் 'பேர் போடுவது' என்போம். "பாத்தியா, அருவிக்கும் பேர் போட்டுட்டானுங்க" என்றார்.