வேலூர்ப் பாறையும் கோட்டைச் சுவரும் ஃபோமில்: கம்மி செலவில் எந்தக் கருவி?

பாலாற்று மணல்:
வேலூர் மலையையும் கோட்டையையும் ஃபோமில் சின்ன மாதிரியா செய்யப் போறேன். பலகை 3க்கு 2 அடி, அளவு 1:87 (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு). பின்னால் நம்ம மொட்டை மலை, முன்னால் கோட்டைச் சுவர், அகழி. எந்தக் கருவிக்குக் காசு போடலாம், எதை வீட்டிலிருந்தே எடுத்துக்கலாம்? கைப்பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

ரயில்பெட்டி:
கருவிக்கு முன்னாடி ஃபோமைப் பாருங்க சார். வெள்ளைத் தெர்மாகோல் முத்து முத்தா ஒட்டின சரக்கு. மழுங்கின பிளேடு பட்டா முத்து பிய்ஞ்சு வரும், பாறை பொரி உருண்டை மாதிரி ஆயிடும். மொட்டை மாடியில் வெயில் தடுக்கப் போடுற நீல, ரோஸ் கலர் பலகை (எக்ஸ்பிஎஸ்) நெருக்கமானது. சீவலாம், தேய்க்கலாம், அழுத்திக் கோடு போடலாம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் 50 மி.மீ. துண்டு மிச்சம் கிடக்கும், கேட்டு வாங்குங்க. உள்ளே மேடு ஏத்த தெர்மாகோல், கண்ணில் படுற மேல் பக்கத்துக்கு எக்ஸ்பிஎஸ்.

காசு போட வேண்டியது ஒண்ணே ஒண்ணு: 18 மி.மீ. கட்டர், கூட ஒரு பாக்கெட் பிளேடு. கட்டர் மலிவா இருந்தாலும் பரவாயில்ல, பிளேடில் கஞ்சத்தனம் கூடாது. ரெண்டு கணு (பிளேடில் கோடு போட்டுப் பிரிச்சிருக்கிற துண்டு) வெளியே தள்ளி, பிளேடை நல்லாச் சாய்ச்சுப் பிடிச்சு, நீளமா இழுங்க. 50 மி.மீ. கனத்தை ஒரே இழுப்பில் அறுத்தா பிளேடு வளையும், அடிப்பக்கம் கோணிடும். மூணு நாலு இழுப்பு ஆகும், ஆழம் போகப் போக இன்னும் கணு வெளியே தள்ளிக்கோங்க. 'கறக் கறக்'னு சத்தம் வந்தா முனை போச்சு. ஒரு கணு உடைச்சிடுங்க. பிளேடில் மெழுகுவத்தி தேய்ச்சா வழுக்கிட்டுப் போகும்.

மலையடி:
வெளிநாட்டு வீடியோ பார்த்து கத்தியால் அடுக்கடுக்காகச் செதுக்காதீங்க. அது படிவுப் பாறை. நம்ம ஊர்ல கருங்கல். விரிசல் வழியா மூலை தேய்ஞ்சு தேய்ஞ்சு உருண்டையான குண்டு. அதனால இங்க கத்தியை விட துருவிக்குத்தான் வேலை அதிகம்.

பாத்திரக் கடையில் தட்டையான கேரட் துருவி வாங்கிக்கோங்க. சமையலறைத் துருவியை எடுத்தா வீட்ல திட்டு விழும், திரும்ப அடுப்படிக்கும் ஆகாது. 3 மீட்டர் பாறை இந்த அளவில் மூன்றரை செ.மீ. அதுக்கு 4 செ.மீ. கட்டையா வெட்டி, எட்டு மூலையையும் சீவி, துருவியில் ஒரே பக்கமா இழுங்க. முன்னும் பின்னும் ஓட்டினா குழி விழும். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 150. அதோட நிறுத்துங்க, வழவழன்னு ஆனா கூழாங்கல் மாதிரி தெரியும்.

கருங்கல் சொரசொரப்புக்கு பிரியாணி பொட்டலத்து அலுமினியத் தாளைக் கழுவி, கசக்கி உருண்டையாக்கி, திருப்பித் திருப்பி அழுத்துங்க. ஒரே வாக்கில் அழுத்தினா அச்சுக் குத்தின மாதிரி இருக்கும். வயர் பிரஷ் இதுக்கு வேணாம், இழை இழையா கோடு விழும், மரப்பட்டை மாதிரி.

துருவும்போது ஃபேனை நிறுத்துங்க, மாஸ்க் போடுங்க. தூள் எல்லாத்திலயும் ஒட்டிக்கும், ஈரத்துணியால் துடைச்சா வரும்.

கோட்டைச்சுவர்:
சுவருக்கு மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். 60 செ.மீ. கல் 7 மி.மீ. வரும். முதல்ல கட்டர் நுனியால் லேசா கீறிட்டு, அந்தக் கீறல் மேல பேனாவை ஓட்டி 1 மி.மீ. ஆழம் அழுத்துங்க. கீறாம நேரா பேனா வெச்சா ஃபோம் தோல் இழுபட்டுக் கிழியும். வரிசை உயரம் ஒண்ணா இருக்கட்டும், கல் நீளம் கூடக் குறைய இருக்கட்டும். இல்லேன்னா பாத்ரூம் டைல்ஸ் ஆயிடும்.

பாலாற்று மணல்:
சூடான கம்பி கட்டர் வாங்கணுமா?

ரயில்பெட்டி:
பாறைக்கு வேணாம், நேர் வெட்டு நிறைய இருந்தா மட்டும். செஞ்சே பாக்கலாம்: 0.32 மி.மீ. நிக்ரோம் கம்பி (ஹீட்டரில் சூடாகுற கம்பி) 20 செ.மீ., 5 வோல்ட் 2 ஆம்பியர் பழைய சார்ஜர். கம்பி சுமார் 2.7 ஓம், 1.8 ஆம்பியர் இழுக்கும். 15 செ.மீ.ன்னு குறைச்சா சார்ஜர் தாங்காது, அணைஞ்சிடும். சூட்டில் கம்பி நீண்டு தொய்யும், வெட்டு வளையும். ஒரு முனையில் ஸ்பிரிங் கட்டுங்க. கம்பி தானா இறங்கணும், நீங்க தள்ளக் கூடாது. புகை நல்லதில்ல, ஜன்னலைத் திறந்து வைங்க. வீட்டுக் கரண்டில் நேரா மாட்டவே மாட்டாதீங்க தம்பி.

மலையடி:
பசை ஃபெவிகால். ரெண்டு பலகைக்கு நடுவுல காத்து போகாததால் காய நாள் கணக்காகும். அதுவரை ஈர்க்குச்சி குத்தி வைங்க. உடனே ஒட்டுற பசையும் ஸ்பிரே பெயிண்ட்டும் ஃபோமைத் தின்னுடும். முதல்ல எமல்ஷனில் ஃபெவிகால் கலந்து ஒரு கோட் அடிச்சு மூடிடுங்க. கறுப்பு அடிச்சதை அக்னி நட்சத்திரத்தில் மாடியில் காய வைக்காதீங்க, நெளிஞ்சு போயிடும். நிழல்லயே காயட்டும்.