பேரைக் கேட்டதும் ஓரமாக உட்காரச் சொன்ன அனுபவங்கள்

டியர்பார்ன், மிச்சிகனிலிருந்து:

ஸலாம், வணக்கம். நானே ஆரம்பிக்கிறேன், நீங்கள் தொடருங்கள்.

எனக்கு ஊர் அதிராம்பட்டினம். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவனை எங்கள் பக்கம் சபுராளி என்போம். தெருவில் வீட்டுக்கு ஒரு சபுராளி இருப்பான், எல்லாம் துபாய், சவுதி. நான் மட்டும் 1999-ல் ஒய்2கே அவசரத்தில் (2000 பிறந்தால் கம்ப்யூட்டர் தேதி குழம்பும் என்ற பயம்) எச்1பி வேலை விசா வாங்கிக்கொண்டு டெட்ராய்ட் பக்கம் வந்துவிட்டேன். முதல் இரண்டு வருடம் என் பேரைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. உச்சரிக்க வரவில்லை என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

2003-ல் ஊருக்குப் போனவன் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னைத் தூதரகத்துக்குப் போனேன். 221ஜி என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசாவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். கூட வந்திருந்த சக ஊழியருக்கு அதே கம்பெனி, அதே வேலை, அதே நாள். அவர் பேர் ராகவன் மாதிரி ஒரு பேர், மறு வாரம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு நாலு மாதம். வாப்பா தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து, “தம்பி, தாளு வந்துச்சா?” என்பார். உம்மா கேட்கவே மாட்டார். அது இன்னும் கஷ்டம்.

விசா வந்தபோது அதில் ஒரு கூத்து. நம் ஊர் வழக்கப்படி தகப்பனார் பேர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதனால் என் முழுப் பேரும் கடைசிப் பேராகி, முதல் பேர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து. முதல் பேர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டெட்ராய்ட் ஏர்போர்ட்டில் அந்த அதிகாரி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி “மிஸ்டர் ஃப்னூ!” என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதுதான் செகண்டரி அறை, கூடுதல் விசாரணைக்கு ஓரமாக உட்காரவைக்கிற இடம். போனை எடுக்கக் கூடாது. என் பக்கத்தில் ஒரு யேமன் பெரியவர், மடியில் அட்டைப்பெட்டி நிறையத் தேன் பாட்டில். எனக்கு முன்னாலேயே வந்தவர், நான் கிளம்பும்போதும் அங்கேதான் இருந்தார். என்னிடம் கேட்ட கேள்விகள் பாதிக்குமேல் நினைவில்லை. எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய், ஊருக்குப் பணம் எப்படி அனுப்புகிறாய், ஹவாலாவா? 2001 நவம்பரில் சோமாலியர்கள் பணம் அனுப்புகிற அல் பரக்காத் நிறுவனத்தை அமெரிக்கா மூடியதிலிருந்து அந்த வார்த்தை மேல் அவர்களுக்கு ஒரு கண். எனக்கோ ஹவாலா என்றால் புரியவில்லை. பேங்க் இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது அது, எங்கள் ஊரில் அதற்குப் பேர் உண்டியல். புரிந்ததும் திக்கென்றது. பாதி ஊருக்கு உண்டியலில்தான் பணம் வரும். நல்லவேளை நான் பேங்கில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லவேண்டும். “என் வேலை இது” என்றார். சரி, உன் வேலை. என் நாலு மாதம் யார் கணக்கு?

ஆனால் என் பாடு பரவாயில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 2002 கடைசியில் வந்த சிறப்புப் பதிவுத் திட்டத்தைச் சொல்கிறேன். 25 நாட்டு ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், நேரில் போய்க் கைரேகையும் போட்டோவும் கொடுக்கவேண்டும். வடகொரியாவைத் தவிர்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் முஸ்லிம் நாடுகள். என் பக்கத்து சீட்டுக் கராச்சிக்காரன் போய் வரிசையில் நின்றான். 83,000 பேருக்கு மேல் அப்படிப் பதிந்தார்கள். தானாக வந்து நின்றவர்களில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் மேல் நாடுகடத்தல் நடவடிக்கை பாய்ந்தது. விசா தேதி தள்ளிப்போனது, தாள் சரியில்லாதது, இப்படித்தான். பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவன்கூட அதன் மூலம் தண்டிக்கப்படவில்லை. ஒளிந்திருக்கிறவன் வரிசையில் வந்து நிற்பானா என்று கராச்சிக்காரன் அன்றைக்கே கேட்டான்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். செப்டம்பர் 11 முடிந்த அடுத்த ஜும்ஆவில், வெளியே செருப்பு மாட்டுகிற இடத்தில் ஒருவர், “இதெல்லாம் அவங்களே செஞ்சுக்கிட்டது” என்றார். படித்த ஆள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். செத்தவர்கள் கிட்டத்தட்ட 3,000 பேர், அதில் முஸ்லிம்களும் உண்டு, நம் நாட்டுக்காரர்களும் உண்டு. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டேன். செகண்டரி அறையைவிட அந்த லேஸ்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.


மன்னார்குடி பக்கமிருந்து (முன்பு அல்கோபர்):

பாய், உங்கள் கதை அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

சவுதியில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக். அல்கோபரில் வெள்ளைக்காரர்கள் இருக்கிற காம்பவுண்டுகளுக்கு மெயின்டெனன்ஸ். தங்கியிருந்தது துக்பாவில், அறைக்கு எட்டுப் பேர். 1996-ல் கோபர் டவர்ஸ் கட்டடத்தை டேங்கர் லாரி வைத்துத் தகர்த்து 19 அமெரிக்க விமானப்படைக்காரர்களைக் கொன்ற இடத்தைப் பழைய ஆட்கள் காட்டுவார்கள். குவைத்துக்குள் சதாம் நுழைந்த 1990-ல் அமெரிக்கப் பட்டாளம் சவுதிக்கு வந்தது. புனித பூமியில் அவர்களுக்கு என்ன வேலை என்பதுதான் பின்லாதன் தூக்கிப் பிடித்த வழக்கு. நமக்கு அந்த வழக்கு எதுவும் இல்லை. ஏசி கம்ப்ரஸர் ஓடினால் சம்பளம்.

2004 மே 29, சனிக்கிழமை. அங்கே அப்போது வார வேலை தொடங்குகிற நாள். காலையில் வண்டியில் ஏறப்போகிறோம், சூப்பர்வைசர் ஓடி வந்து இறங்கச் சொல்கிறார். துப்பாக்கியோடு நாலு பேர் எண்ணெய்க் கம்பெனி அலுவலகங்களில் சுட்டுவிட்டு ஒயாசிஸ் காம்பவுண்டுக்குள் புகுந்துவிட்டார்கள். முந்தின வாரம்தான் அங்கே ஒரு வில்லாவில் நான் கேஸ் நிரப்பிவிட்டு வந்திருந்தேன். மதியத்துக்குள் செய்தி கசிந்தது: ஆளைப் பிடித்து நீ முஸ்லிமா, காபிரா என்று கேட்கிறார்கள், முஸ்லிம் என்றால் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் அறையில் ஒரு காயல்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் காக்கா. அன்று ராத்திரி கதவைத் தாழிட்டு, என்னையும் ஒரு கேரளத்துப் பையனையும் உட்காரவைத்து, “கலிமா சொல்லு” என்றார். முஸ்லிம்கள் சொல்கிற நம்பிக்கை உறுதிமொழி அது. மதம் மாற்றுகிறாரோ என்று பையன் முழித்தான். “மாத்துறதுக்கில்லடா, உசுருக்கு. கேட்டா கோர்வையா வரணும், திக்கக்கூடாது.” விடிய விடியச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு முஹம்மதில் வருகிற ‘ஹ’ வரவே இல்லை. “தொண்டையிலேருந்து வரணும் மாப்ள, நெஞ்சிலேருந்து இல்ல” என்பார். இருபது தடவை சொன்னேன். பையனுக்கு நாலாவது தடவையே வந்துவிட்டது, மலையாளத்தில் ஹ பழக்கம் போலிருக்கிறது. நடுவில் ஒருதரம் காக்காவே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு அழுதார். “இத இதுக்காகவா சொல்லிக் கொடுக்கணும்” என்றார்.

மறுநாள் காலையில் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் கூரையில் இறங்கி முடித்தார்கள். நாலு பேரில் மூன்று பேர் தப்பித்துவிட்டார்கள். மொத்தம் 22 பேர் செத்தார்கள். வந்தவர்கள் வீராவேசமாகத் தேடியது அமெரிக்கனை. செத்ததில் அமெரிக்கர் ஒருவர், இந்தியர்கள் எட்டுப் பேர். பிலிப்பினோ மூன்று, இலங்கைக்காரர் இரண்டு. பத்து வயது எகிப்துப் பையன் ஒருவன், அவன் எந்தப் படையெடுப்பில் கலந்துகொண்டானோ தெரியாது.

அப்புறம் அமெரிக்கக் குடும்பங்கள் பெட்டியைக் கட்டின. காம்பவுண்ட் வாசலில் கான்கிரீட் கட்டைகள் வந்தன. வில்லா காலியானால் ஏசி எதற்கு? அடுத்த வருஷம் எக்சிட் விசா அடித்து என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.


சென்னை, மந்தைவெளியிலிருந்து:

நான் அவ்வளவு பெரிய ஆபத்தையெல்லாம் பார்த்தவள் இல்லை. 2012-ல் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போக விசா இன்டர்வியூ. தேதி செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் லிபியாவில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸும் இன்னும் மூன்று அமெரிக்கர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் யாரோ எடுத்து யூடியூபில் போட்ட, நபியை இழிவுபடுத்துகிற வீடியோவுக்காக எகிப்திலிருந்து பாகிஸ்தான் வரை கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நம் அண்ணா சாலைத் தூதரகத்திலும் கல்லெறிந்து கண்ணாடி உடைந்தது. அதற்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட், மருமகன் லெட்டர் எல்லாம் பச்சை ஃபைலில் அடுக்கி வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

ஆட்டோக்காரர் திருவல்லிக்கேணி பாய். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அண்ணா சாலை முழுக்க ஆட்கள். மீட்டரை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க அந்த வீடியோ பாத்தீங்களா பாய்?” என்றேன்.

“இல்லம்மா. எதுக்குப் பாக்கணும்? அசிங்கம்னு தெரியுதுல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “அங்க நிக்கிறவங்களும் முக்காவாசி பாத்திருக்க மாட்டாங்க. ஆனா வயிறு எரியுதும்மா, பொய் சொல்லக்கூடாது. எங்கம்மாவ ஒருத்தன் திட்டினா மாதிரி.” இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வண்டி வாடகை முந்நூறு ரூபா இன்னிக்கு நான் யாருகிட்ட கேக்கறது?”

இந்த மூன்றையும் ஒரே ஆள், ஒரே ஆட்டோவில், பத்து நிமிஷத்துக்குள் சொன்னார். டிவியில் அன்று ராத்திரி விவாதம் செய்தவர்கள் ஆளுக்கு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விசா பிரிவை மூடிவிட்டார்கள், வேறு தேதி வந்தது. நகரப் போலீஸ் கமிஷனரையே மாற்றினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். பத்தியச் சமையல் செய்து கொடுத்தது பக்கத்து வீட்டு பங்களாதேஷ்காரப் பெண், நோன்பு வைக்கிற, தலைக்கு முக்காடு போடுகிற பெண். பூண்டுக் குழம்பு செய்முறையை மகள் போனில் என்னிடம் கேட்டு அவளுக்குச் சொன்னாளாம்.


கான்சஸிலிருந்து:

சுருக்கமாக. 2017 பிப்ரவரி 22, ஒலேத்தா. வேலை முடித்து பாரில் உட்கார்ந்திருந்த இரண்டு தெலுங்கு என்ஜினீயர்களை, என் நாட்டைவிட்டு வெளியே போ என்று கத்திச் சுட்டான் ஒருவன். ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா இறந்துபோனார், 32 வயது. தடுக்கப் போன இயன் கிரில்லட் என்ற வெள்ளைக்கார இளைஞருக்கும் குண்டு பாய்ந்தது. சுட்டவன் தப்பியோடிப் பக்கத்து மாநிலத்து பாரில் போய், இரண்டு ஈரானியர்களைச் சுட்டுவிட்டதாகச் சொன்னான். ஈரான் உட்பட ஏழு நாட்டு மக்களைத் தடுக்கும் டிரம்ப் உத்தரவு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் இருந்தது இருபது நிமிட தூரத்தில். அந்த வாரம் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்ததெல்லாம் இதுதான்: வெளியே தமிழில் பேசாதீர்கள், தாடியை எடுங்கள், நெற்றியில் பொட்டு இருந்தால் நல்லது, நாம் முஸ்லிம் இல்லை என்று தெரியும். ஒருவர் காரில் ஒட்ட ஸ்டிக்கரே டிசைன் செய்து போட்டார், பிள்ளையார் படத்தோடு. குழுவில் இரண்டு முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் எதுவும் எழுதவில்லை. ஈரானியனாக இருந்திருந்தால் சுட்டிருக்கலாமா என்று தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். உங்கள் ஷூ லேஸ் கதையைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது, பாய். அதனால்தான் எழுதுகிறேன்.


டியர்பார்ன், மிச்சிகனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கோபம் ஒருவன் மேல், சாவது வேறொருவன் என்று மன்னார்குடி அண்ணன் சொன்ன கணக்கை வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன். 2011 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் டெர்ரி ஜோன்ஸ் என்ற பாதிரி குர்ஆனை எரிக்கவைத்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆப்கானிஸ்தானில் மஸார்-இ-ஷரீஃபில் கூட்டம் ஐ.நா. அலுவலகத்துக்குள் புகுந்து ஏழு ஊழியர்களைக் கொன்றது. அதில் நாலு பேர் நேபாளத்துக் காவலாளிகள். அந்தப் பாதிரி ஏப்ரலில் எங்கள் டியர்பார்னுக்கே வந்தார், ஃபோர்டு ரோட்டில் இருக்கிற பெரிய பள்ளிவாசல் முன்னால் கூட்டம் போடப் போவதாக. அனுமதி கிடைக்கவில்லை. ஒரு டாலர் பிணைத்தொகை கட்ட மறுத்துக் கொஞ்ச நேரம் ஜெயிலிலும் இருந்தார். எங்கள் தெருவில் அன்று மாலை பையன்கள் வழக்கம்போல கூடைப்பந்து ஆடினார்கள்.

அதே வருஷம் நியூயார்க் ஏர்போர்ட்டில் அப்துல் கலாமையே விமானத்துக்குள் வந்து கோட்டையும் ஷூவையும் வாங்கிச் சோதித்தார்கள். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். வாப்பா போன் பண்ணி, “ஜனாதிபதியா இருந்தவருக்கே அப்படின்னா உனக்கு நாலு மாசம் கம்மிதான்” என்றார். அதில் ஒரு திருப்தி இருந்த மாதிரி தோன்றியது.

மன்னார்குடி அண்ணே, அந்தக் காயல் காக்கா இப்போது எங்கே இருக்கிறார்?


மன்னார்குடி பக்கமிருந்து:

காயலிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குத் தவறாமல் போன் வரும். எடுத்ததும் வாழ்த்தெல்லாம் இல்லை. “மாப்ள, ஹ வந்துச்சா?” என்பார். இன்னும் வரவில்லை.