உதவி: மோட்டார்ஹோம் பின்னால் பிக்கப்பைக் கட்டி இழுத்தால் கருகின வாசம்

புதுப்பயணி:
அவசரம். நாளை மறுநாள் கிளம்புகிறோம். பிக்கப்பை டோ பார் (இழுவைக் கம்பி) போட்டு எங்கள் மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் கட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் பார்த்தோம். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. நிறுத்தியதும் அடியிலிருந்து கருகின வாசம். எதனால்? இப்படியே கொண்டுபோகலாமா?

நெடுஞ்சாலை:
என்ன பிக்கப், எந்த வருட மாடல்? ஆட்டோமேட்டிக்கா மேனுவலா? டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா? எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் போனீர்கள்?

ஸ்பேனர்:
பிரேக்காகத்தான் இருக்கும். மோட்டார்ஹோம் பிரேக் பிடிக்கும்போது பிக்கப்பின் பிரேக் பெடலையும் அழுத்துவதற்காக உள்ளே வைக்கிற துணை பிரேக் பெட்டி பெடலோடு இறுக்கமாக நின்றால் வழி நெடுக லேசாக அழுத்திக்கொண்டே வரும், பேட் கருகும். பெட்டியைப் பொருத்துவதற்கு முன் இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்து, பெடல் அழுத்தத்துக்குத் துணை செய்கிற பூஸ்டரில் மிச்சம் இருக்கிற வெற்றிடத்தைத் தீர்த்தீர்களா? ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள். இழுத்து முடித்த கையோடு ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எது கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். தொட வேண்டாம்.

மைல்கல்:
ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கலாம். மோட்டார்ஹோம் திரும்பும்போது பிக்கப்பின் முன் சக்கரங்களும் தானாகத் திரும்ப வேண்டும். லாக் ஆகியிருந்தால் டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும். வளைவுகளில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா?

பழையகை:
மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. கியரை நியூட்ரலில் போட்டால் போதும் என்று நினைப்பவர் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். தம்பி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் அணைந்திருந்தால் பம்ப் நிற்கும். ஆனால் பின் சக்கரம் டிரைவ்ஷாஃப்ட் வழியாக கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் ஓட்டம் இல்லாமல் சுற்றினால் கருகாமல் என்ன செய்யும்? நியூட்ரலில் இருக்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி; அப்போதுதான் சக்கரத்தின் சுற்று கியர்பாக்ஸுக்குப் போகாது. அதை நியூட்ரலில் போட்ட பிறகு கியர் எங்கே இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பலவற்றில் 'பார்க்' நிலை.

நெடுஞ்சாலை:
விஷயம் சரி, கொஞ்சம் இதமாகச் சொல்லலாமே. புதுப்பயணி, டிரான்ஸ்ஃபர் கேஸ் குமிழில் என்னென்ன எழுதியிருக்கிறது?

தனிவழி:
துணை பிரேக் பெட்டி எதற்கு? என் மோட்டார்ஹோம் 10 டன். பின்னால் வருகிற 2 டன் பிக்கப்பை மோட்டார்ஹோமின் பிரேக்கே பிடித்து நிறுத்தும். எனக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

ஸ்பேனர்:
தனிவழி, இதைப் படித்து யாராவது பெட்டியைக் கழற்றிவிடப் போகிறார்கள். பல மோட்டார்ஹோம்களில் பிரேக்கின் திறன் அந்த வண்டியின் முழு எடைக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது, பின்னால் வருவதற்குச் சேர்த்து இல்லை. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த 2 டன்னும் உங்களைத் தள்ளும். அதைவிட முக்கியம், டோ பார் கழன்றுவிட்டால் என்ன ஆகும்? பிரேக்அவே சுவிட்சின் கம்பி இழுபட்டு பிக்கப்பின் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் ஆளில்லாத வண்டி எதிர்த்தடத்துக்குப் போய்விடும்.

தனிவழி:
அதற்குத்தானே சேஃப்டி கேபிள் இருக்கிறது, குறுக்காகப் போட்டு.

ஸ்பேனர்:
கேபிள் அறுந்தால்?

பழையகை:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்குங்கள்.

புதுப்பயணி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். ஆட்டோமேட்டிக். ரிம் எதுவும் சூடாக இல்லை, டயரும் சரி. வாசம் நடுவிலிருந்து வருகிறது. குமிழில் 2எச் (டூ வீல்), ஆட்டோ, 4எச் (ஃபோர் வீல்) மட்டும். கியர்பாக்ஸ் ஆயில் கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. பின் தட்டில் ஜெனரேட்டரும் சாமான்களும் இருந்தன, சொல்ல விட்டுப்போயிற்று.

நெடுஞ்சாலை:
4எல் (ஃபோர் வீலில் மெதுவேக நிலை) இல்லையா? அப்படியானால் அது ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் கேஸ், அதில் நியூட்ரல் நிலையே கிடையாது. நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கவே கூடாது. இனி ஒரு கிலோமீட்டர்கூட அப்படி வேண்டாம். ஆயிலை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். பழுப்பு நிறத்தோடு கருகின வாசமும் இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் சூடேறியிருக்கலாம்.

மைல்கல்:
டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகலாமே?

நெடுஞ்சாலை:
முதலில் ஹிட்ச் (மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள இழுவை இணைப்பு) எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று பார்க்க வேண்டும். பல மோட்டார்ஹோம்களில் 5,000 பவுண்டுதான், அதாவது 2,268 கிலோ. பிக்கப்பே ஏறக்குறைய அவ்வளவு வரும், தட்டில் ஜெனரேட்டர் வேறு. கார் டிரெய்லர் தனியாக 900 கிலோ இருந்தால் மொத்தம் 3 டன்னைத் தாண்டிவிடும். அந்த மோட்டார்ஹோம் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் தகட்டில் இருக்கும், இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. முன் சக்கரத்தை மட்டும் தூக்குகிற டாலியும் உதவாது, பின் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

புதுப்பயணி:
கையேட்டிலும் கூடாது என்றே போட்டிருக்கிறது. ஹிட்சில் 5,000 பவுண்டு. மெக்கானிக் ஆயிலை மாற்றுகிறார். அவர் சரி என்றால் பிக்கப்பை மச்சான் தனியாக ஓட்டி வருவார். எல்லோருக்கும் நன்றி.

ஊர்சுற்றி:
இழையை இப்போதுதான் பார்த்தேன். என் பிக்கப்பில் 4எல் இருக்கிறது, நியூட்ரல் என்று எங்கேயும் எழுதவில்லை. இழுக்கலாமா?

பழையகை:
மாடல், வருடம்?